பென்சிலும் போத்தலும்: கணிதம், அறிவியல் வரலாறு, மண் பற்றிய நூல்களைப் பினாங்கில் படிக்கத் தொடங்குவது எப்படி

1842 டிசம்பரில் சார்லஸ் டார்வின் தன் வீட்டுக்குப் பக்கத்து வயலில் சுண்ணக்கல் துண்டுகளைப் பரப்பச் செய்தார். அப்புறம் காத்திருந்தார். 1871 நவம்பர் கடைசியில் அதே இடத்தில் பள்ளம் வெட்டிப் பார்த்தபோது, அந்த வெள்ளைத் துண்டுகள் புல்லுக்கு ஏழு அங்குலம் கீழே ஒரே வரிசையாகக் கிடந்தன. யாரும் அவற்றைப் புதைக்கவில்லை. மண்புழுக்கள் அடிமண்ணைத் தின்று மேலே வந்து கழித்துக் கழித்து, 29 ஆண்டுகளில் அவ்வளவு மண்ணை மேலே ஏற்றியிருந்தன.

இதைப் படித்த இரவு, கையில் கிடைத்த ஒரு ரசீதின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். ஏழு அங்குலம் ஏறக்குறைய 178 மில்லிமீட்டர். 29ஆல் வகுத்தால் ஆண்டுக்கு 6 மில்லிமீட்டர் சொச்சம். ஒரு பென்சிலின் தடிமனைவிடக் கொஞ்சம் குறைவு. அந்த வகுத்தலை நானே போட்ட பிறகுதான் அந்தப் பக்கம் எனக்குள் இறங்கியது.

மண்புழுக்களைப் பற்றிய இந்த நூல் 1881இல் வந்தது. டார்வினின் கடைசி நூல்; மறு ஆண்டு அவர் காலமானார். இவ்வளவு சின்னப் புழுவால் இவ்வளவு பெரிய வேலை நடக்குமா என்று முன்பே ஒருவர் மறுத்திருந்தார். நூலின் தொடக்கத்திலேயே டார்வின் அதை எடுத்துப் பேசுகிறார். சிறியது ஒன்று திரும்பத் திரும்ப நடந்தால் அது எவ்வளவாகச் சேரும் என்று கூட்டிப் பார்க்க மக்களுக்கு வருவதில்லை என்பது அவருடைய பதில். மண் பற்றிய நூலில் ஒரு கணக்கு, அந்தக் கணக்குக்குள் ஒரு வாதத்தின் வரலாறு. கணிதம், அறிவியல் வரலாறு, மண் என்று மூன்று அலமாரிகளாக நாம் பிரித்து வைத்திருப்பது பக்கத்தைத் திறந்தால் ஒன்றாகிவிடுகிறது.

கதைகளும் நாவல்களும் படித்துப் பழகி, இந்தப் பக்கம் வர ஆசைப்படும் நண்பர்கள் என்னிடம் கேட்பது எப்போதும் ஒன்றுதான்: "எங்கே தொடங்குவது?" அவர்களுக்குச் சொல்லிச் சொல்லிப் பழகியதை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு கேள்வி

புத்தகப் பட்டியலைத் தேடாதீர்கள். ஒரு தாளில் ஒரே ஒரு கேள்வியை எழுதுங்கள். உங்களுக்கு உண்மையிலேயே விடை தெரியாத, தெரிந்துகொள்ள ஆசைப்படுகிற கேள்வி. கொடிமலை அடிவாரத்து மண்ணுக்கு அந்தச் சிவப்பு எங்கிருந்து வந்தது? 2017 நவம்பர் அடைமழையில் மலைச்சரிவுகள் ஏன் அப்படிச் சரிந்து விழுந்தன? பால்மரம் (ரப்பர் மரம்) இந்த நாட்டு மரமே இல்லையாம், பிறகு எப்படி இங்கே வந்தது? பகா எண்கள், அதாவது ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடும் எண்கள், முடிவதே இல்லை என்று யார் எண்ணிப் பார்த்தார்கள்?

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் கணித வரலாறு பற்றி ஒரு தடித்த புத்தகம் வாங்கினேன். முதல் பக்கத்திலிருந்து ஒழுங்காகப் படித்தேன். அறுபது பக்கத்தில் நின்றுபோனது. இரண்டு ஆண்டுகள் அலமாரியில் கிடந்தது. ஒரு நாள் என் தாத்தா "வீசம்கூடக் குறையக் கூடாது" என்று அடிக்கடி சொன்னது நினைவுக்கு வந்தது. வீசம் என்றால் எவ்வளவு? பதினாறில் ஒன்று, மாகாணி என்றும் சொல்வார்கள். மா இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி 320இல் ஒன்று. ஏன் 320? இந்தக் கேள்வியோடு அதே தடித்த புத்தகத்தை எடுத்து, பின்னங்கள் வரும் அதிகாரத்தை நேராகத் திறந்தேன். ஒரே இரவில் முப்பது பக்கம் ஓடியது. நீங்களும் நடு அதிகாரத்தில் தொடங்கலாம். அறிவு நூலை முன்னட்டையிலிருந்துதான் படிக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

மூன்று மொழிகளையும் பயன்படுத்துங்கள்

நம்மில் பலர் தமிழ்ப்பள்ளியில் தமிழிலும், இடைநிலைப்பள்ளியில் மலாயிலும், 2003க்குப் பிறகு சில ஆண்டுகள் ஆங்கிலத்திலும் கணிதமும் அறிவியலும் படித்தவர்கள். இதைக் குறையாக நினைக்கிறவர்கள் உண்டு. எனக்கு இது கையிலிருக்கும் மூலதனம். ஒரு சின்ன நோட்டில் மூன்று பத்தி போட்டுக்கொள்ளுங்கள். பகா எண், நொம்போர் பெர்டானா, பிரைம் நம்பர். களிமண், தானா லியாட், கிளே. வண்டல், கெலோடாக், சில்ட். ஒரு நூலில் புதிய சொல் வரும்போதெல்லாம் மூன்று மொழியிலும் தேடி எழுதுங்கள். இரண்டு மாதத்தில் மூன்று மொழி நூல்களும் உங்களுக்குத் திறந்துவிடும்.

தமிழில் மட்டும் படிக்க விரும்பினால் பெ. நா. அப்புசாமியின் கட்டுரைகளிலிருந்து தொடங்கலாம். 1891இல் பிறந்து 1986 வரை வாழ்ந்தவர், தொழிலால் வழக்கறிஞர். அறிவியலைத் தமிழில் தெளிவாகச் சொல்ல முடியும் என்று பல பத்தாண்டுகள் எழுதியே காட்டினார். செய்திகளில் சில பழையதாகியிருக்கும். ஒன்றை விளக்குவது எப்படி என்பதை அவரிடம் இன்றும் கற்றுக்கொள்ளலாம்.

எங்கே கிடைக்கும்

ஜார்ஜ்டவுனில் இருப்பவர்களுக்கு பினாங்கு ரோட்டில் சௌரஸ்தா பசார் மாடி இருக்கிறது. கீழே மீனும் ஊறுகாயும், மேலே பழைய புத்தகக் கடைகள். பாடப்புத்தகக் குவியல்களுக்கு நடுவே நல்ல அறிவியல் நூல்கள் மாட்டும். அவசரப்படாமல் ஒரு காலைப்பொழுதை ஒதுக்கிக்கொண்டு போங்கள். வாங்கும் முன் நூலின் முதுகைப் பிரித்து மோந்து பாருங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் பூஞ்சை பிடித்த ஒரு புத்தகம் வீட்டுக்கு வந்தால் பக்கத்துப் புத்தகத்துக்கும் பரவும். ராமபாணப் பூச்சி அரித்த தடம் இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

பெருநிலத்தில் இருப்பவர்களுக்குப் பினாங்கு பொது நூலகத்தின் தலைமையகம் செபராங் ஜெயாவில் இருக்கிறது. தீவில் கிரீன் லேனில் மின்னூலகம் இருக்கிறது. பழைய ஆங்கில நூல்களைப் புராஜெக்ட் குட்டன்பர்க் தளத்தில் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம். டார்வினின் மண்புழு நூலும் அங்கே உண்டு. பழைய தமிழ் நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம்.

நூலைக் கையில் எடுத்ததும் மூன்று இடங்களைப் பாருங்கள். வெளிவந்த ஆண்டு, பின்னால் உள்ள சொல்லடைவு (எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்ற பட்டியல்), ஆசிரியர் தனக்கு இது எப்படித் தெரியும் என்று சொல்லும் குறிப்புகள். குறிப்பே இல்லாமல் வியப்பு மட்டும் நிறைந்த நூலை நான் வாங்குவதில்லை.

கணித நூலுக்குப் பென்சில்

கணித நூலைக் கதைபோலப் படித்துக்கொண்டு போனால் எல்லாம் புரிந்ததுபோல் இருக்கும், மூடியதும் ஒன்றும் இருக்காது. ஒரு பக்கத்துக்குப் பத்து நிமிடம் ஆனாலும் பரவாயில்லை. பென்சில் கையில் இருக்கட்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. பகா எண்கள் முடிவில்லாதவை என்று யூக்ளிட் ஏறக்குறைய 2,300 ஆண்டுகளுக்கு முன் நிறுவினார். பல நூல்களில் இது அரைப்பக்கத்தில் வரும். கையிலிருக்கும் பகா எண்களை எல்லாம் பெருக்கி ஒன்றைக் கூட்டு. கிடைக்கும் எண்ணை அந்தப் பகா எண்களில் எதனால் வகுத்தாலும் ஒன்று மிஞ்சும். ஆகவே பட்டியலில் இல்லாத ஒரு பகா எண் எங்கோ இருக்கிறது. சரி, படித்துவிட்டோம். இப்போது போட்டுப் பாருங்கள். 2ஐயும் 3ஐயும் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் 7. ஐந்தையும் சேர்த்தால் 31. ஏழையும் சேர்த்தால் 211. பதினொன்றையும் சேர்த்தால் 2311. எல்லாமே பகா எண். இப்படிச் செய்தால் எப்போதும் பகா எண்தான் வரும்போல என்று மனம் தானாக முடிவுகட்டிவிடும்.

ஒரு படி மேலே போங்கள். பதின்மூன்றையும் சேர்த்தால் 30,031. அதைப் பொறுமையாக வகுத்துக்கொண்டே வந்தால் 59இல் விழும்: 59 × 509 = 30,031. பகா எண் இல்லை! ஆனால் யூக்ளிட் தோற்கவில்லை. 59உம் 509உம் நம் பட்டியலில் இல்லாத பகா எண்கள். அவர் சொன்னது அவ்வளவுதான். அரைப்பக்க நிறுவலில் "எங்கோ இருக்கிறது" என்ற சொல்லின் எடை, 59 வரை வகுத்துப் பார்த்த கைக்குத்தான் தெரியும்.

எண்களே வேண்டாம், மனிதர் வழியாகப் போகிறேன் என்பவர்களுக்கு ராபர்ட் கனிகெல் 1991இல் எழுதிய ராமானுஜன் வாழ்க்கை வரலாறு நல்ல வாசல். கும்பகோணம், சென்னைத் துறைமுகக் குமாஸ்தா வேலை, 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதம் என்று நமக்குத் தெரிந்த உலகத்திலிருந்தே கணிதத்துக்குள் கூட்டிப்போகிறது. அங்கேயும் பென்சில் வேண்டும். இரண்டு கன எண்களின் கூட்டலாக இரண்டு வழியில் எழுத முடிகிற மிகச் சிறிய எண் என்று புகழ்பெற்ற 1729 வரும்போது 1 + 1728 என்றும் 729 + 1000 என்றும் எழுதி, நான்கும் கன எண்கள் என்று நீங்களே பார்த்துவிட்டு மேலே போங்கள்.

நம் மரபு நூல்களையும் இதே மதிப்போடு, இதே பென்சிலோடு படியுங்கள். காரிநாயனாரின் கணக்கதிகாரத்தில் பலாப்பழத்தை வெட்டாமலே சுளை எண்ணும் வழி ஒரு வெண்பாவில் இருக்கிறது. காம்பைச் சுற்றியுள்ள சிறு முள்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுத்தால் சுளைக்கணக்கு வந்துவிடும் என்கிறது. நூறு முள் என்றால் 120 சுளை. இதை இணையத்தில் பகிர்ந்து பெருமைப்படுகிறவர்கள் நிறைய. வெட்டிப் பார்த்தவர்கள் குறைவு. என் தங்கையும் நானும் ஆயர் ஈத்தாம் பசாரில் ஒரு முழுப் பழம் வாங்கி, அடுப்படித் தரையில் செய்தித்தாள் விரித்து உட்கார்ந்தோம். முதல் சிக்கல் முள்ளை எண்ணுவதிலேயே வந்தது. எந்த வரிசை வரைக்கும் "காம்பைச் சுற்றி"? அவள் எண்ணியது ஒன்று, நான் எண்ணியது வேறு. இரண்டு விடையும் சுளையோடு ஒத்துப்போகவில்லை.

எங்களுக்கு ஏமாற்றமே இல்லை. அப்புறம் தாவரவியல் நூலைப் புரட்டியபோது, பலா என்பது நூற்றுக்கணக்கான பூக்கள் ஒட்டி ஒரே பழமானது என்றும், வெளியே தெரியும் ஒவ்வொரு முள்ளும் ஒரு பூவின் நுனி என்றும், கருவுற்ற பூ சுளையாக, கருவுறாதது சடையாக நிற்கிறது என்றும் படித்தோம். முள்ளுக்கும் சுளைக்கும் உறவு உண்டு என்று கண்ட அந்தப் பழைய கண் கூர்மையானதுதான். எத்தனை பூ கருவுறும் என்பது பழத்துக்குப் பழம் மாறும் என்பதால் ஒரே வாய்பாடு எல்லாப் பழத்துக்கும் பொருந்துவது கடினம். முன்னோர் சொன்னதைச் சோதித்துப் பார்ப்பதைவிட அவர்களுக்குப் பெரிய மரியாதை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அறிவியல் வரலாறு: தோற்றவரின் பக்கமும் சொல்லடைவும்

பினாங்குக்காரர்கள் தொடங்க ஓர் ஆள் இருக்கிறார். 1879இல் இந்தத் தீவில் பிறந்து, பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் படித்து, கேம்பிரிட்ஜ் போய் மருத்துவரான வூ லியன் தே. 1910 டிசம்பரில் மஞ்சூரியாவின் ஹார்பின் நகரில் கொள்ளைநோய் (பிளேக்) பரவியபோது அங்கே அனுப்பப்பட்டார். இறந்த ஒருவரின் உடலைப் பரிசோதித்து, இது மூச்சு வழியாக ஆளுக்கு ஆள் தொற்றுகிறது என்று முடிவு செய்தார். பஞ்சும் மெல்லிய துணியும் வைத்த முகக்கவசத்தை எல்லோரையும் அணியச் சொன்னார். மெஸ்னி என்ற மூத்த பிரெஞ்சு மருத்துவர் இதை ஏற்காமல் கவசமின்றி நோயாளிகளைப் பார்த்தார். சில நாளில் அதே நோயில் இறந்தார். ஏறக்குறைய 60,000 பேரைக் கொண்டுபோன அந்த நோய் 1911இன் வசந்தத்துக்குள் அடங்கியது. 1959இல் வூ தன் வாழ்க்கையைத் தானே நூலாக எழுதினார். மறு ஆண்டு பினாங்கிலேயே காலமானார்.

இந்தக் கதையைப் படிக்கும்போது மெஸ்னியை முட்டாளாக நினைப்பது எளிது. அங்கேதான் நிற்க வேண்டும். 1898இல் கராச்சியில் பால் லூயி சிமோன் என்ற மருத்துவர் எலிகளின் மேலுள்ள தெள்ளுப்பூச்சிதான் கொள்ளைநோயைக் கடத்துகிறது என்று காட்டியிருந்தார். அது சரியான கண்டுபிடிப்பு. அதை நம்பிய ஒருவருக்கு ஹார்பினில் கவசம் தேவையற்றதாகத் தெரிந்திருக்கும். அறிவியல் வரலாற்று நூலில் தோற்றவர் வரும் பக்கத்தில் ஒரு காகிதத்தைச் செருகி, "அன்று இவருக்கு என்ன தெரியும்?" என்று எழுதி வையுங்கள். அந்தக் கேள்விக்கு விடை தரும் நூல் நல்ல நூல். அதோடு, தன்வரலாற்றை மட்டும் படித்து நிறுத்தாமல் அதே நிகழ்ச்சியை வேறொருவர் எழுதியதையும் தேடுங்கள்.

அடுத்து, சொல்லடைவு. இது நான் மனதார நம்பும் பழக்கம். ரப்பரின் வரலாறு பற்றிய நூல்களில் 1876இல் விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து லண்டனின் கியூ தோட்டத்துக்கு விதை கொண்டுபோனது வரும். 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து, அவற்றில் ஒன்பது கோலகங்சாரில் நடப்பட்டது வரும். மரம் சாகாமல் பால் வெட்டும் முறையைச் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் இயக்குநர் ரிட்லி வகுத்தது வரும். எல்லாம் தேவையான செய்திகள். சொல்லடைவில் "தமிழர்" என்ற சொல்லைத் தேடுங்கள். எத்தனை பக்க எண்கள் இருக்கின்றன? விடியுமுன் எழுந்து ஒவ்வொரு மரமாக அந்த வெட்டைக் கையில் கற்றுக்கொண்டவர்கள் எந்தப் பக்கத்தில் இருக்கிறார்கள்? இல்லையென்றால் நூலைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. அதில் இல்லாததை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, தேதியோடு எழுதி வையுங்கள்.

நான் அப்படிக் கேட்டதில் கிடைத்தது ஒன்று. என் பாட்டி, தன் அம்மா சொன்னதாகச் சொல்வார்: அந்தக் காலத்தில் கித்தா (ரப்பர்) மரத்தடியில் ஒரு புல்கூட இருக்கக் கூடாது, மண்டோர் (மேற்பார்வையாளர்) வந்து பார்ப்பார், அதனால் மழை பெய்தால் வடிகால் எல்லாம் சிவப்பாக ஓடும். பின்னால் மண் நூல் ஒன்றில் இதே செய்தியைப் பார்த்தேன். ஆரம்பகாலத் தோட்டங்களில் புல் பூண்டு இல்லாமல் சுத்தமாகச் செதுக்கி வைத்தார்கள், சரிவுகளில் மேல்மண் பெருமளவு அடித்துப்போனது, பிறகுதான் பயற்றினக் கொடிகளை மூடுபயிராகப் படரவிட்டார்கள் என்று. கொள்ளுப்பாட்டி வடிகாலில் பார்த்த நிறத்துக்கு நூல் காரணம் சொன்னது.

மண் நூலுக்குப் போத்தல்

அந்த நிறத்திலிருந்தே மண்ணுக்கு வரலாம். பினாங்குத் தீவின் மலைகள் கருங்கல். கருங்கல்லில் முக்கியமாக மூன்று கனிமங்கள்: குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், மைக்கா. நம் வெயிலிலும் மழையிலும் ஃபெல்ட்ஸ்பார் இற்றுக் களிமண் ஆகிறது. குவார்ட்ஸ் இற்றுப்போகாமல் மணலாக மிஞ்சுகிறது. இரும்பு துருவேறிச் சிவப்பும் மஞ்சளும் தருகிறது. மலையடிவார மண்ணை ஈரப்படுத்தி விரலிடையே தேய்த்தால் வழவழப்பும் நறநறப்பும் சேர்ந்தே வருவது இதனால்தான். பாலம் தாண்டி செபராங் பிறை வயல்வெளிக்குப் போனால் கடல் சேர்த்த களிமண். அங்கே நறநறப்பு இல்லை.

டேவிட் மான்ட்கோமரி 2007இல் எழுதிய, மண் அரிப்பும் நாகரிகங்களின் வீழ்ச்சியும் பற்றிய ஆங்கில நூலைப் புதியவர்களுக்குச் சொல்வேன். அதைத் திறக்கும் முன், அல்லது திறந்த அன்றே, இதைச் செய்யுங்கள்.

நேரான பக்கங்கள் கொண்ட கண்ணாடிப் போத்தல் ஒன்று எடுங்கள். ஜாம் போத்தல் போதும். வீட்டு வாசலிலோ நண்பரின் தோட்டத்திலோ ஒரு சாண் ஆழத்திலிருந்து மண் எடுங்கள். மலைக்காட்டிலும் பூந்தோட்டத்திலும் எடுக்க வேண்டாம். கல், வேர், இலையை நீக்கிவிட்டு, கட்டிகளை நொறுக்கி, போத்தலில் மூன்றில் ஒரு பங்கு போடுங்கள். தண்ணீரை நிரப்பி, துணி துவைக்கும் தூள் ஒரு சிட்டிகை சேர்த்து, மூடி, சில நிமிடம் நன்றாகக் குலுக்குங்கள். பிறகு ஆடாத இடத்தில் வைத்துவிடுங்கள்.

ஒரு நிமிடத்துக்குள் மணல் கீழே உட்கார்ந்துவிடும். அந்த உயரத்தில் போத்தலுக்கு வெளியே ஒரு கோடு போடுங்கள். இரண்டு மணி நேரத்தில் வண்டல் படியும், இன்னொரு கோடு. களிமண்ணுக்கு ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். களிமண் துகள் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு பங்குக்கும் சிறியது. அதனால்தான் இவ்வளவு தாமதம். தெளிந்ததும் அடிக்கோலால் அளந்து பாருங்கள். எடுத்துக்காட்டுக்கு, மொத்தப் படிவு 60 மில்லிமீட்டர், அதில் மணல் 30, வண்டல் 6, களிமண் 24 என்றால் நூற்றுக்கு 50, 10, 40. மண் நூல்களில் முக்கோணமாக ஒரு வரைபடம் இருக்கும். இந்த மூன்று எண்ணையும் அதில் வைத்தால் "மணற்களி" என்ற கட்டத்தில் விழும். புதியவர்கள் பயந்து தாண்டிப்போகும் வரைபடம் அது. உங்கள் வாசல் மண்ணுக்கு அதில் ஒரு புள்ளி குத்திவிட்டால் அந்தப் பயம் போய்விடும்.

எவ்வளவு நேரம் ஒதுக்குவது என்றும் கேட்பார்கள். இரவில் இருபது நிமிடம் போதும். ஒரு நேரத்தில் ஒரு நூல். முடிந்தால் கூட ஒருவர் அதே நூலைப் படிக்கட்டும். வாரம் ஒரு முறை ஒரு தே தாரேக்கு உட்கார்ந்து, புரியாத ஒரு பக்கத்தை மட்டும் பேசுங்கள். புரிந்ததைப் பேசி நேரம் போக்க வேண்டாம்.

போத்தலின் மூடியில் தேதியும் எடுத்த இடமும் எழுத மறக்காதீர்கள். என் ஜன்னலோரத்தில் இப்போது ஏழு போத்தல்கள் நிற்கின்றன. ஆயர் ஈத்தாம், பாலிக் புலாவ், பட்டர்வொர்த் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். கடைசியாக வைத்தது இன்று மூன்றாம் நாள். தண்ணீர் இன்னும் தெளியவில்லை.